இரவு இரண்டு மணிக்கு யார் புரட்டிப் படுக்கவைப்பது?

"ஸ்ரீலங்காவுல இந்த அளவுக்கு வசதியெல்லாம் எங்க சார் இருக்கப்போகுது?" என்று கேட்டார் அந்த மேலாளர். ஏளனமாகக் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மனுசர் அனுதாபத்தோடு கேட்டார்.

சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் தனியார் மறுவாழ்வு நிலையம் அது. தொண்ணூறுகளிலேயே வளசரவாக்கத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட என் மாமிக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழம்பிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிய பிறகு, நடக்கப் பழக்குவதற்கென்று இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பணம் கட்டுகிற மச்சான் ரொறன்ரோவில். பலாலியிலிருந்து ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே, போய்ப் பார் என்று என்னைப் பிடித்து அனுப்பினான். மேலாளர் எனக்கு எல்லாம் சுற்றிக் காட்டினார். இடுப்பில் பட்டி கட்டித் தூக்கிப்பிடித்து நடக்கவைக்கும் இயந்திரம், விரல்களுக்குப் பயிற்சி தரும் கணினிக் கையுறை, கண்ணாடிச் சட்டத்துக்குள் தரச்சான்றிதழ். நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். யாழ்ப்பாணத்தான் வேறென்ன செய்வான்? வீட்டுக்கு வந்து எழுதுவான்.

முதலில் எங்களுக்குப் பேச்சே சரியாகப் பொருந்தவில்லை. "எங்கடை போதனா வைத்தியசாலையிலையும் இதுக்குத் தனி விடுதி இருக்கு" என்றேன். "லாட்ஜா சார்?" என்றார். நாங்கள் வார்ட்டை விடுதி என்று எழுதிப் பழகியவர்கள். அங்கே விடுதி என்றால் பெட்டியோடு போய்த் தங்கும் இடம். பாரிசவாதத்தைப் பக்கவாதம் என்கிறார்கள், அது பத்திரிகைப் பழக்கத்தில் புரிந்தது. மாமி இத்தனை காலம் அங்கே இருந்தும் தாதியை "மிஸி" என்றுதான் கூப்பிடுகிறா. அங்கே வாயில் வருவது சிஸ்டர், பலகையில் எழுதுவது செவிலியர். பயிற்சி தருகிறவரும் பிசியோ, பயிற்சியும் பிசியோ. எங்கள் ஊரில் அவர் இயன்மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் அல்லவா என்று சொல்ல வாய் உன்னியது. அந்த மனிதருக்கு வேலை இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒரு சொல் மட்டும் இரண்டு கரையிலும் சுகமில்லாதது. நாங்கள் புனர்வாழ்வு என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது முறிந்த காலல்ல. போர் முடிந்த 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர் போய்வந்த முட்கம்பி வேலிதான். அங்கே மறுவாழ்வு மையம் என்ற பலகையைத் தெருவில் கண்டால் பெரும்பாலும் குடியை நிறுத்தும் இடமாக இருக்கும். 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியதும் அதே சொல்லால்தான். மாமி முகாமில் இருந்தவ இல்லை. ஆனாலும் வாசற்பலகையை வாசித்துவிட்டு "என்னை ஏன் இஞ்சை விட்டிருக்கிறியள்?" என்று குழறிக் குழறிக் கேட்டா.

சரி, தரத்துக்கு வருவோம். காகிதத்தில் இந்தியா எங்களைவிட முன்னுக்கு நிற்கிறது. அதை மறுத்துப் பயனில்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் வந்தது. விதிகள் வர 2018 ஆனது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். இருபது வருடம் சட்டம் விதியில்லாமல் உட்கார்ந்திருந்தது. தரச்சான்று கொடுக்கும் என்.ஏ.பி.எச். வாரியம் 2005இல் தொடங்கியது. எங்களிடம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதியும் சட்டம் 2006இன் 21ஆம் இலக்கம். முதியோர் உரிமைகளில் நாங்கள் முந்திவிட்டோம்: முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000இலேயே வந்துவிட்டது, இந்தியாவின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல்தான். பெற்ற தாய்க்குச் சோறு போடு என்று பிள்ளைக்குச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய நிலைக்கு எந்த நாடு முதலில் வந்தது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று மச்சான் கேட்டான். ரொறன்ரோவிலிருந்து கேட்டான்.

மாமி இருப்பதைப் போன்ற இடம் இந்தச் சட்டங்களுக்கு நடுவே இடறி விழுகிறது. அது ஆஸ்பத்திரியுமல்ல, முதியோர் இல்லமுமல்ல. சத்திரசிகிச்சை நடப்பதில்லை, ஆனால் மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் உண்டு. தாதி இருக்கிறா, ஆனால் எப்போதும் ஒரு வைத்தியர் இருக்கவேண்டுமா, இரவில் எத்தனை தாதி வேண்டும் என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே கேள்விக்கு இதே மழுப்பல்தான். இந்த ஒரு விடயத்தில் இரண்டு நாடும் அண்ணன் தம்பி.

அதனால் இப்படியான இடத்துக்குள் போனால் நான் சான்றிதழையும் பார்ப்பதில்லை, இயந்திரத்தையும் பார்ப்பதில்லை. குதிக்காலைப் பார்ப்பேன். கிடையாகக் கிடக்கிறவரின் குதிக்காலும் பின்பக்கமும் சிவந்திருந்தால் அங்கே இரவில் ஆள் இல்லை என்று அர்த்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பது எல்லா ஊரிலும் ஒரே பாடம். அதைச் செய்வதற்குப் பணத்தைவிடக் கை வேண்டும். சிறுநீர்ப் பை கொக்கியில் தொங்குகிறதா, தரையில் கிடக்கிறதா? கழிவறைச் சுவரில் பிடி இருக்கிறதா, அந்தப் பிடி ஆளின் பாரத்தைத் தாங்குமா? மூக்குக் குழாயால் உணவு கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்துகிறார்களா? பாரிசவாதம் வந்தவருக்கு வாயால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கமுன்பே விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்களா? சோதிக்காமல் கொடுத்தால் தண்ணீர் சுவாசப்பைக்குள் போகும், சளிச்சுரம் வரும். பாரிசவாதத்தில் தப்பியவர்கள் பலர் பிறகு அதனால்தான் போகிறார்கள். கடைசியாக, புரட்டிய நேரம் குறிக்கும் தாள். இரவு பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு எல்லாம் ஒரே பேனாவால் ஒரே சாய்வில் ஒரே மூச்சில் எழுதியிருந்தால், அது விடியற்காலையில் உட்கார்ந்து எழுதியது.

மாமியின் தாள் அப்படித்தான் இருந்தது.

அதற்காக அந்த இடம் கெட்ட இடம் என்று சொல்லமாட்டேன். பகலில் பயிற்சி நன்றாகவே நடந்தது. அந்த இயன்மருத்துவப் பையன் மாமியின் தோளைப் பிடித்த பிடியிலேயே படித்தவன் என்று தெரிந்தது; செயலிழந்த கையைத் தொங்கவிடாமல் தாங்கித்தான் எழுப்பினான். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பிள்ளை ஒழுங்காக வந்தது. இரவில்தான் மாடி முழுவதற்கும் ஒரு தாதியும், அசாமிலிருந்து வந்த ஒரு சின்னப் பெட்டையும். தமிழ் தெரியாத பெட்டை, தமிழைப் பாதி இழந்த மாமி. இரண்டு பேரும் கையாலே பேசிக்கொண்டார்கள், அதில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் "குளிருது" என்பதற்கும் "நோகுது" என்பதற்கும் கைச்சைகை ஒன்றாகிவிட்டால் என்ன செய்வது? தமிழ்நாட்டுத் தலைநகரத்தில் தமிழில் முனகினால் விளங்கிக்கொள்ள ஆளில்லை என்பது எனக்கு ஏறாமல்தான் இருந்தது.

இப்போது எங்கள் பக்கம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒரு சதம் கேட்கமாட்டார்கள். கட்டில் போதாத நாளில் பாயிலும் படுக்கவேண்டிவரும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு வெளியே ஓடியதும், அதற்குப் பிறகு தாதியரும் வைத்தியரும் விமானம் ஏறியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கட்டிலடியிலும் அனுமதித் துண்டு வாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு மகளோ மருமகளோ பெறாமகனோ இருப்பார்கள். புரட்டுவதும் துடைப்பதும் அவர்கள்தான். ஆளணி இல்லாததை உறவு மூடுகிறது என்று வெளியார் சொல்லலாம். அந்த உறவு இரவு முழுக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கொட்டக் கொட்ட விழிப்பதால்தான் யாரும் கள்ளத் தாள் எழுத முடியாது என்று நான் சொல்வேன். துண்டு வாங்க ஆளில்லாத கிழவிக்கு என்ன நடக்கும் என்று கேட்டால், பக்கத்துக் கட்டில்காரி பார்ப்பா என்பேன். பார்த்ததைக் கண்டிருக்கிறேன், எல்லா முறையும் அல்ல.

மறுவாழ்வு என்ற வேலையில் எங்களுக்கு ஒரு கொடிய பள்ளிக்கூடம் வாய்த்தது. மிதிவெடியில் கால் போனவர்களுக்காக 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம், சண்டை நடந்த காலத்திலும் செயற்கைக் கால் செய்துகொண்டே இருந்தது. அங்கே கால் பொருத்தியவர் அடுத்த வருடம் அங்கேயே வேலைக்கு நிற்பார். தேய்ந்த இடம் எங்கே நோகும் என்று அவருக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது. சக்கரநாற்காலியில் இருப்பவரே அலுவலகம் நடத்துகிற இடத்தில் கழிவறைப் பிடி ஆடாது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய மறுவாழ்வுப் பிரிவும் இப்போது திறந்துவிட்டது. தெற்கே ராகமவிலும் திகணவிலும் அரச மறுவாழ்வு வைத்தியசாலைகள் நெடுநாளாக இயங்குகின்றன. முதியவர்களுக்குக் கைதடியில் அரச இல்லம் உண்டு. அந்த இல்லத்தின் மாமரத்தடிக் காற்றை எந்தச் சான்றிதழிலும் அளக்க முடியாது. இதை நான் மேலாளரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

ஜெய்ப்பூர் நிலையம் என்று நான் பெருமையடித்தபோது மச்சான் தொலைபேசியில் சிரித்தான். "ஜெய்ப்பூர் எங்கை இருக்கு அத்தான்?" இராஜஸ்தானில்தான் இருக்கிறது. 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணங்கொட்டி இருக்கலாம், குந்தலாம். அந்தக் காலத்து ஐரோப்பியக் காலால் இதெல்லாம் ஆகாது. மாமிக்கு இது யாழ்ப்பாணத்தில் வந்திருந்தால் கூப்பிட்டிருக்கக்கூடிய 1990 அம்புலன்சும் இந்திய உதவியில் 2016இல் தொடங்கியதுதான். வடக்குக்கு வந்தது 2018இல். வாங்கியதை வாங்கியதென்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தக் காலைப் போட்டுக்கொண்டு வன்னியில் நெல் விதைத்தவன் எங்கள் ஆள், அவ்வளவுதான் நான் சொல்வது.

இந்தியாவின் உச்சியை எங்களால் எட்ட முடியாது என்பதும் உண்மை. வேலூர் ஆஸ்பத்திரியைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் தெரியாத வீடு இல்லை; ஒரு தலைமுறையே அங்கே வைத்தியத்துக்குப் போய்வந்திருக்கிறது. மேரி வர்கீஸ் அங்கே இளம் வைத்தியராக இருந்தபோது 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கரநாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் சத்திரசிகிச்சை செய்தார். நியூயோர்க்குக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே அசைய முடியாதவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர். இவர்களைப் பற்றி வாசிக்கும்போது நான் எந்த ஊர்க்காரன் என்பது மறந்துபோகிறது.

ஆனால் அங்கே உச்சிக்கும் அடிக்கும் இருக்கிற தூரம் எங்கள் சின்ன நாட்டில் இல்லை. 2001 ஒகஸ்ட் 6ஆம் திகதி, ஏர்வாடியில் தனியார் மனநல இல்லமொன்றில் தீப்பிடித்து 28 பேர் எரிந்துபோனார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. ஏர்வாடி வேலூர் இருக்கிற அதே மாநிலம்தான். 2023இல் விழுப்புரம் மாவட்டத்தில் குண்டலப்புலியூர் இல்லத்தில் நடந்த கொடுமைகள் பற்றிய செய்திகளும் இங்கே எங்கள் பத்திரிகைகள்வரை வந்தன. இப்படி ஒன்று எங்களிடம் நடக்கவில்லை என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் ஏர்வாடிக்குப் பிறகு உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, 2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தது. நாங்களோ 1873ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தோடு இன்னும் காலம் தள்ளுகிறோம்.

அதோடு, எங்கள் ஊரில் இப்போது முளைத்துவரும் வீடுகளைப் பற்றி நான் மௌனமாக இருந்தால் அது ஒப்பீடாகாது. வெளிநாட்டுக்காரரின் பூட்டிக்கிடந்த கல்வீடு. முன்னறையில் இரண்டு கட்டில், விறாந்தையில் இரண்டு. "பராமரிப்பு நிலையம்" என்று ஒரு பலகை. கண்காணிப்புக் கமெரா இருக்கிறது, படம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தெரியும். கமெராவைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கமெராவுக்கு முன்னால் அம்மா சுத்தமாக இருப்பா. கழிவறையில் கமெரா இல்லை, விழுவது அங்கேதான். பதிவு கேட்டால் "போட்டிருக்கு, வரும்" என்பார்கள். வேலைக்கு நிற்கிற பெண்ணுக்குச் சில வாரப் பயிற்சி, உடுப்பு மட்டும் தாதி உடுப்பு. நான் போன வீடொன்றில் மருந்துக் குளிசைகள் எல்லாம் ஒரே சோற்றுப் பெட்டிக்குள் கிடந்தன. எங்களிடம் ஊர்வாய் இருக்கிறது, அயலட்டை எட்டிப்பார்க்கும், தவறு நடந்தால் மறைக்க முடியாது என்று நான் வாதாடுவதுண்டு. அந்த ஒழுங்கையில் எட்டிப்பார்க்க வேண்டிய அயல்வீடுகள் பாதி பூட்டிக்கிடக்கின்றன. மற்றப் பாதியில் இருப்பவர்களே அடுத்து இந்தக் கட்டிலுக்கு வரப்போகிறவர்கள். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் எங்கள் நாட்டில் நூற்றுக்கு 12.4. தமிழ்நாடும் 2011இல் பத்தைத் தாண்டிவிட்டது. இளசுகள் போய்க்கொண்டிருக்கும் வடக்கில் அது எப்படி இருக்கும் என்பது ஒழுங்கைக்குள் நடந்தாலே தெரியும்.

வீட்டுக்கே போகும் விடயத்தில் தமிழ்நாடு எங்களை முந்திவிட்டது. இதைச் சொல்லத்தான் எனக்குக் கூடுதலாக நோகிறது. ஏனென்றால் வீடு வீடாகப் போவது எங்கள் வித்தை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், குடும்பநல உத்தியோகத்தர் படலை திறந்து வந்து பிள்ளையை நிறுக்கும் பழக்கமும் உலகம் வந்து பார்த்துவிட்டுப் போனவை. அந்த மிஸி பிள்ளைத்தாச்சிக்கு வருவா, பாலகனுக்கு வருவா, அதே வீட்டு மூலைக்கட்டிலில் கிடக்கிற அப்பம்மாவுக்காக வரமாட்டா. அது அவவின் கடமைப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஒகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மூலைக்கட்டிலைத்தான் தேடிப் போகிறது: பிரஷர், சீனி வருத்தத்துக்கு மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, நோவு தணிக்கும் பராமரிப்பு. சொன்னபடி எல்லா வீட்டுக்கும் போகிறார்களா என்று வளசரவாக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் ஆம், ஒருவர் இல்லை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாமிக்கு விழுங்குவது சிரமம் என்று எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்தார்கள், அது முறையானது. மசித்தது என்ன என்பதுதான் பிரச்சினை. காலையில் பொங்கல், இரவில் பாலில் ஊறிய சப்பாத்தி. பாரிசவாதக்காரருக்குப் பசி முக்கியம். அரிசிமா புட்டைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, ஒரு வாழைப்பழமும் பிசைந்து கொடுத்துப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சிப் பிள்ளையிடம் சொன்னேன். பதம் சரியாக இருந்தால் சரி என்று அவ ஒரு கரண்டியால் சரித்துப் பார்த்துச் சம்மதித்தா. மாமி கிண்ணத்தை முடித்தா. இதை வைத்து ஒரு நாட்டை மதிப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் விடமாட்டேன்.

மச்சான் கடைசியில் நேரே கேட்டான்: "அத்தான், அம்மாவை ஊருக்குக் கொண்டுபோகலாமோ?" எனக்கு ஓம் என்று சொல்ல ஆசை. பேச்சுப் பயிற்சி கிழமையில் எத்தனை நாள் கிடைக்கும் என்று யோசித்தேன். மாங்குளத்தில் இடம் கிடைத்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், கட்டிலடியில் நிற்கத் துண்டு வாங்க ஊரில் மகனும் இல்லை மகளும் இல்லை, எனக்கும் முழங்கால் வருத்தம். அந்தக் கல்வீட்டுச் சோற்றுப் பெட்டியும் நினைவுக்கு வந்தது. பாரிசவாதத்தில் முதல் மாதங்களில் மீள்வதுதான் பெரும்பங்கு, அந்த மாதங்களை இடம்மாற்றத்தில் வீணாக்கக்கூடாது. "இப்போதைக்கு இஞ்சையே இருக்கட்டும்" என்றேன். "அப்ப அந்த மேலாளர் சொன்னது சரிதானே?" என்றான். இல்லை என்று கன நேரம் வாதாடினேன்.

புறப்படுமுன் மேலாளரிடம் இரண்டு விடயம் கேட்டேன். இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு மேலதிகக் கட்டணம் என்றார், மச்சான் கட்டுகிறான். புரட்டும் நேரத்தாளைத் தாதியின் மேசையில் வைக்காமல் மாமியின் கட்டிலில் தொங்கவிடவேண்டும்; அதற்குக் கட்டணமில்லை என்றார். தாள் இங்கிலீசில் இருந்தது. கீழே "குளிருது", "நோகுது", "தண்ணி" என்று தமிழில் பெரிதாக எழுதி, பக்கத்தில் படமும் கீறி ஒட்டினேன். அசாம் பெட்டை அதன் கீழே தன் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டா.